பூட்ஸ் கழற்றாத முதலாளி

ஆள் தேடுகிறவருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதைவிடக் கஷ்டமான தொழில் ஒன்று உண்டு. வாழ்நாள் முழுக்க உத்தரவு வாங்கியே பழகினவரைத் திடீரென்று முதலாளி ஆக்குவது. நியூ ஜெர்சியில் எனக்கு அந்த உத்தியோகம்தான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, வயதாகி, வீட்டில் ஒத்தாசை தேவைப்படுகிறவர்கள், ஏஜென்சி அனுப்பும் ஆளைத்தான் ஏற்கவேண்டும் என்றில்லை. அரசாங்கச் செலவில் அவர்களே ஆள் பார்த்து வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் நிறுத்தலாம். கூட இருந்து வழிகாட்டுவது என் வேலை. வேலைக்கு ஆள் வைத்து ரத்தக் கொதிப்பு வாங்கிக்கொண்ட உங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

பதவி ஏற்பு

வால்டர் வியட்நாம் போரில் லாரி மெக்கானிக். பிரிட்ஜ்வாட்டரில் தனிக்கட்டை. மூட்டு வலி, சர்க்கரை, போதாததற்கு ஒருமுறை பாத்ரூமில் விழுந்தும் வைத்தார். டெக்சாஸில் இருக்கும் மகள் லிண்டா எனக்கு போன் செய்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: மாதக் கடைசியில் வருவாள், அதற்குள் நிலையாக ஓர் ஆள் அமையாவிட்டால் அப்பாவைக் கையோடு கூட்டிப்போய் அங்கே முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள். கிழவருக்கோ தன் வீட்டை விட்டுப் போவதென்றால் உயிரே போகிற மாதிரி.

"இனிமே நீங்கதான் சார் பாஸ். யாரை வைக்கணும், எப்ப வரணும், எல்லாம் உங்க இஷ்டம்" என்று நான் தேனொழுகப் பேசினேன். பிடிக்காவிட்டால் நீக்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லது. முதல்ல நீ கிளம்பு."

வந்தார்கள், போனார்கள்

முதலில் வந்த பெண் அவரைச் செல்லமே என்று கூப்பிட்டாள். மத்தியானத்துக்குள் காலி. அடுத்து வந்த பையன், பாவம், காலில் இடறுகிறதே என்று டூல் பாக்ஸைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். அவனும் காலி. மூன்றாவது ஆளை ஏன் வீட்டுக்கு அனுப்பினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஃப்ரீவேயில் தனியாக டிரைவ் பண்ணிக்கொண்டே வாய்விட்டுத் திட்டினேன். என்ன செய்ய, பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும்?

"மூணு பேரையும் துரத்திட்டீங்களே, லிண்டா வந்தா என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேவிட்டேன். கொஞ்சமாவது முகம் சுருங்கணுமே! "பட்டாளத்துல எனக்கு மேல இருந்த கழுதைங்களை என்னால டிஸ்மிஸ் பண்ண முடியல. இப்பத்தானே சான்ஸ் கிடைச்சிருக்கு?"

ஃபரீதா ஆன்ட்டி

கடைசியில் அவரே இறங்கி வந்து, உனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லையா என்றார். எங்கள் தெருவில் ஃபரீதா ஆன்ட்டி இருந்தார்கள். நாகூர்க்காரர்கள். பிள்ளைகள் காலேஜுக்குப் போனபின் வீட்டில் கை சும்மா இருக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள். முதல் நாள் ஆன்ட்டி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனால், வால்டர் சோஃபாவில் பட்டாளத்து பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறார். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அது அவர் காலிலேயே இருக்கும். நானும் அந்த வீட்டுக்குள் ஷூவோடு போய் வருகிறவள்தான், எனக்கு அது உறைக்கவே இல்லை. ஆன்ட்டிக்குப் பொறுக்குமா? பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். இவர் நான்தான் பாஸ் என்றார். "பாஸா இருங்க அங்கிள், யாரு வேணாம்னா? பூட்ஸை வெளியில வச்சுட்டு இருங்க."

உடனே டிஸ்மிஸ். மறுநாள் காலை ஆன்ட்டி எதுவுமே நடக்காததுபோல் போய் ஓட்ஸ் கிண்டிக்கொண்டிருந்தார்கள். மறுபடி டிஸ்மிஸ். மறுபடி ஆஜர். எனக்குத் தலை சுற்றியது. அவர் நீக்கிய பிறகு போகக்கூடாது, இது முறைப்படியான வேலை, நம் வீட்டு விவகாரம் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். "கோவத்துல சொன்னதெல்லாம் ஒரு பேச்சா விஜி? எங்க வாப்பா தினமும்தான் எல்லாரையும் வீட்டை விட்டுப் போகச் சொல்லுவாங்க. யாரு போனா?"

பூட்ஸுக்குள்ளே

நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் வால்டர் பூட்ஸைக் கழற்றினார். சாக்ஸ் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலிடுக்கில் புண், சீழ் வைத்து, சிவந்து கிடந்தது. சர்க்கரைக் காலில் உணர்ச்சி மட்டு, வலித்திருக்காது. ஆனால் அவருக்குத் தெரியும்! தெரிந்தேதான் மறைத்திருக்கிறார். ஆன்ட்டி போனில் போட்ட சத்தத்தில் நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிழவரை நாலு கேள்வி கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கார் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

திரும்பி வரும்போது காரில் அவரே மெல்ல ஆரம்பித்தார். லிண்டாவுக்குத் தெரிந்தால் வீடு போய்விடும், அதனால்தான் கழற்றவில்லை என்றார். பின் சீட்டிலிருந்து ஆன்ட்டி பொரிந்தார்கள். "வீடு இருந்து காலு போனா, அதுல எப்படி அங்கிள் நடப்பீங்க?" அவர் போனை எடுத்து மகளிடம் தானே எல்லாவற்றையும் சொன்னார்.

லிண்டா வந்தாள்

சொன்ன தேதிக்கு முன்பே பெட்டியோடு வந்து இறங்கினாள். நானும் அன்று அங்கேதான் இருந்தேன். ஆன்ட்டி கீழே உட்கார்ந்து வால்டரின் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சில்லென்று இருக்கிறதென்று அப்போதுதான் அவர் ஆன்ட்டியை வேலையை விட்டு நீக்கியிருந்தார். "இருக்கிற ஒரே ஆளையும் ஏம்ப்பா துரத்துறீங்க?" என்று, அது காதில் விழுந்த லிண்டா வாசலிலேயே கத்தினாள். "எங்க துரத்த முடியுது? எத்தனை தடவை நிறுத்தினாலும் காலையில வந்து நிக்கிறா" என்று வால்டர் என்னிடம் புகார் சொன்னார். ஆன்ட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அந்தக் காலைக் கொடுங்க அங்கிள் என்றார்கள். அவர் கொடுத்தார்.

லிண்டா கொண்டுவந்த பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. "அப்பா, உங்க பேச்சைக் கேக்காத ஆள் ஒண்ணைத்தான் நானும் தேடிக்கிட்டு இருந்தேன். நீங்க இங்கேயே இருங்க."

ஆளை வைக்கவும் நீக்கவும் அரசாங்கம் ஆயிரம் அதிகாரம் கொடுக்கலாம், நீக்கினாலும் போகாத ஆள் அமைவது அவரவர் கொடுப்பினை.