தானாக ஓடிய பாட்டு

அந்தப் போஸ்டரை நான் முதலில் பார்த்தது தொழிற்சாலை பஸ்ஸில். மலாக்காவின் பத்து பெரண்டாம் என்ற ஊரில் காலை ஷிப்ட் முடிந்து எல்லாரும் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணயரும் நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி தன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இது நீயா?" என்று கேட்டாள். எனக்கே சந்தேகம்தான். கண்ணும் மூக்கும் என்னுடையவை. வெளுத்த நிறம் யாருடையதோ. சித்தி மகள் கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு எடுத்த படம் அது. கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டு, தோல் ஜாக்கெட் போட்ட வேறொருத்தியின் உடம்பை ஒட்டியிருந்தார்கள். தலைக்கு மேல், டிஜேவாக நான் எனக்கென்று வைத்திருந்த பெயர் இல்லை. 'பேபி' என்று முடியும் ஏதோ ஒரு பெயர் இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, என் முகத்தைவிடப் பெரிதாக, 'அண்ணன் பெருமையுடன் வழங்கும்' என்ற எழுத்து.

அண்ணன் என்பவர் எனக்கு உறவில்லை. மலாக்காவில் தமிழ்ப் பாட்டுக்கு ஆட வருகிறவர்களுக்காக மாதந்தோறும் கிளப் நிகழ்ச்சி நடத்திய புரமோட்டர். இடத்தைப் பேசி எடுப்பது, விளம்பரதாரரைப் பிடிப்பது, எந்த டிஜே முதலில் ஏறுவது, யார் கடைசியில் ஏறுவது, யார் ஏறவே கூடாது என்று முடிவு செய்வது எல்லாம் அவர்தான். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அண்ணே என்றுதான் சொன்னார்கள். அதில் எவ்வளவு சூழ்ச்சி இருந்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. முதலாளியிடம் ஏன் என்று கேட்கலாம். அண்ணனிடம் கேட்டால் குடும்பத்துக்குள் சண்டை போட்டதாக ஆகிவிடும்.

அப்பா லூபோக் சீனா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்த பிறகு நாங்கள் பத்து பெரண்டாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். நான் தொழிற்சாலையில் சேர்ந்தேன். வேலையை விட்டுப் போன ஒரு சீனத் தோழி தன் பழைய டிஜே கன்ட்ரோலரை எனக்குக் கொடுத்தாள். இரண்டு வட்டுகளும் நடுவில் வரிசையாக விசைகளும் உள்ள பலகை அது. ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டின் வேகத்தைக் காதுக்குள் சரிசெய்து, கேட்பவருக்குத் தெரியாமல் ஒன்றை மற்றொன்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பழகினேன். ஹெட்போன் என் காதில் இருந்ததால் வீட்டில் யாருக்கும் பாட்டு கேட்காது, விசைச் சத்தம் மட்டும்தான். "வேலையிலயும் மிஷின், வீட்டுலயும் மிஷினா?" என்று அம்மா கேட்பார். லூபோக் சீனாவில் உறவுக்காரப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு மண்டபத்தில் நான் பாட்டுப் போட்டதை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப் புலனத்தில் விட, அது அண்ணன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் என்னை மாமாக் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு வரச் சொன்னார். பட்டப்பகல். நான் உட்காருவதற்கு முன்பே எனக்கும் சேர்த்து தே தாரிக் டீ சொல்லிவிட்டார். நன்றாகப் பேசினார், அதை மறுக்க மாட்டேன். என் காணொலியை முழுதாகப் பார்த்திருந்தார். எந்தப் பாட்டிலிருந்து எந்தப் பாட்டுக்கு எப்படி மாறினேன் என்றுகூடச் சொன்னார். அப்படி யாரும் அதுவரை என்னிடம் பேசியதில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"தங்கச்சி, இனிமே நீ நம்ம வீட்டுப் பிள்ளை. மலாக்காவுல வேற யாருக்கும் போடாதே. உன் நல்லதுக்குத்தான்லா சொல்றேன்."

தலையை ஆட்டினேன். அந்த வயதில் அது எனக்குப் பாசமாகத்தான் கேட்டது.

கிளப்பில் எனக்குக் கிடைத்தது முதல் இடம். ஆட்கள் வந்து சேரும் வரை காலி நாற்காலிகளுக்குப் பாட்டுப் போடும் இடம். ஆரம்பக்காரி அங்கேதான் நிற்க வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் கிளப்பின் நிரந்தர டிஜே எனக்கென்று சட்டம் வைத்திருந்தார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு எதையும் தொடாதே. பறை அடி வருகிற பாட்டு என்னுடையது, உனக்கில்லை. ஒலியை இந்தக் கோட்டுக்கு மேலே ஏற்றாதே. நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அப்படியும் ஆட்கள் எழுந்து என் பாட்டுக்கு ஆடத் தொடங்கினால் அவர் பின்னால் வந்து அடிநாதத்தைக் குறைத்துவிட்டுப் போவார். பாட்டு தகர டப்பாவுக்குள் பாடுவது போல ஆகிவிடும். ஆடியவர்கள் போய் உட்காருவார்கள். "பார்த்தியா, உனக்கு இன்னும் கூட்டத்தைப் பிடிக்கத் தெரியல" என்று அவரே சொல்வார். அண்ணனிடம் முறையிட்டேன். "அவன் உன் மூத்தவன் மாதிரி, அனுசரிச்சுப் போ" என்றார். இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்ட பதில் அது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிறகு ஓர் அழகுப்பொருள் கம்பெனி விளம்பரதாரராக வந்தது. அவர்களுக்குப் பெண் டிஜே வேண்டும். குடும்பத்தோடு வரும்படியாக ஞாயிறு பிற்பகலில், பத்து பெரண்டாமில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் நிகழ்ச்சி என்று முடிவானது. பஸ்ஸில் நான் பார்த்த போஸ்டர் அதற்குத்தான். முகத்தின் நிறத்தை மாற்றியது பற்றிக் கேட்டதற்கு அண்ணன் சிரித்தார். "லைட் வெளிச்சத்துல நீ அப்படித்தான்மா தெரிவே." கோபத்தை விழுங்கிக்கொண்டேன். முதல் முறையாக நிகழ்ச்சியின் நடு இடம் எனக்கு. தொழிற்சாலையில் என் வரிசையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எந்தப் பாட்டு எதற்குப் பிறகு என்று இரவும் பகலும் யோசித்து வைத்திருந்தேன்.

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் அண்ணன் ஒரு பென்டிரைவை என் உள்ளங்கையில் வைத்தார்.

"எல்லாம் இதுல ரெடியா இருக்கு. நம்ம டிஜே மிக்ஸ் பண்ணிக் கொடுத்துட்டான். நீ இதைச் செருகி ஒரு தடவை அமுக்கு, அவ்வளவுதான். அப்புறம் சிரிச்சுக்கிட்டுக் கையை மட்டும் ஆட்டு."

"அண்ணே, நான் என் பாட்டு கொண்டு வந்திருக்கேன்."

"கம்பெனிக்காரங்க வந்திருக்காங்க, ரிஸ்க் எடுக்க முடியாதுலா. அவங்க பார்க்கத்தான் வந்திருக்காங்க. கேட்கவா வந்திருக்காங்க?"

நான் அவருடைய பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு மேடை ஏறி என்னுடையதைச் செருகினேன். முதல் பாட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் முன்னால் வந்தார்கள். இரண்டாவதுக்கு என் தோழிகள். மூன்றாவது பாட்டில் பறை நுழைந்தபோது, அதுவரை சுவரோரமாக நின்ற ஆன்ட்டிகள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். மண்டபமே ஒரே தாளத்தில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை முழுதாக உணர்வதற்குள் சத்தம் நின்றது.

ஒலிப்பெட்டிப் பக்கம் நிரந்தர டிஜே நின்றார். மைக்கோடு அண்ணன் மேடைக்கு வந்தார். என் தோளில் கை போட்டு, கூட்டத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க, தங்கச்சி இன்னைக்குக் கொஞ்சம் ஓவரா போயிட்டா" என்றார். சொல்லும்போது கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினார். குடிப்பதற்குக் காட்டும் சைகை. பிள்ளைகளோடு வந்திருந்த எங்கள் அடுக்குமாடி ஆட்கள் சிரித்தார்கள். அதுவரை நான் எதையும் குடித்ததில்லை. குடித்திருந்தாலும் அது அவர் சொல்ல வேண்டிய கதை இல்லை.

பென்டிரைவில் இருந்த அதே மிக்ஸ் வேறு கருவியிலிருந்து ஓடத் தொடங்கியது. "கையை ஆட்டு, மானத்தை வாங்காதே" என்று சிரித்த முகத்தோடு காதருகே சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கன்ட்ரோலர் மேசையைச் சுற்றி மேடையின் முன்விளிம்புக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாட்டு தன் பாட்டுக்கு ஓடியது. ஒன்று முடிந்து அடுத்தது சுத்தமாக வந்து சேர்ந்தது. பின்னால் பலகை அருகே யாரும் இல்லை. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு என் தோழிகளில் ஒருத்தி, "ஏய், பாட்டு தானா ஓடுதுலா!" என்று கத்தினாள். சிரிப்பு பின்வரிசை வரை போனது. கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. விளம்பரதாரர் வரிசையில் இருந்த அம்மையார் எழுந்து வெளியே போனார்.  நான் அந்த மிக்ஸ் முடியும் வரை அசையாமல் நின்றேன்.

மறுநாளே அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார், ஆரஞ்சுப் பழப் பையோடு. அப்பாவை மாமா என்று அழைத்தார். "மாமா, பிள்ளைக்குத் திறமை இருக்கு. சேர்க்கைதான் சரியில்ல. வெளியில நாலு பேர் நாலு விதமாப் பேசுறாங்க. ஒரு மன்னிப்புக் காணொலி போட்டுட்டா நான் எல்லாத்தையும் சரி பண்ணிடுறேன்." என் கண் முன்னாலேயே என்னைக் குடிகாரி ஆக்கிவிட்டு, அதைச் சரிசெய்து தருகிற புண்ணியவானாகவும் அவரே உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சிக்கு வராத அப்பாவிடம் நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் மேலாளர்கள் ஆளனுப்பிக் கூப்பிட்டு ஏசிய மனிதர் அவர். அவரைத் தேடி வீட்டுக்கு வந்து பணிவாகப் பேசிய முதல் பெரிய மனிதர் இவர். "வீடு தேடி வந்து சொல்றார். நீ டீ போட்டுக் கொண்டா" என்றார். போட்டேன். அண்ணன் ரசித்துக் குடித்தார். இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் செய்ததில் எது அதிகமாக வலிக்கிறது என்று கேட்டால், அந்த டீயைத்தான் சொல்வேன்.

மன்னிப்புக் காணொலி நான் போடவில்லை. மலாக்கா எனக்குக் கதவைச் சாத்தியது. கல்யாணத்தில் பாட்டுப் போட என்னைப் பேசி முடித்தவர்கள்கூட, "அண்ணன் வேண்டாம்னு சொன்னார்மா" என்று வெளிப்படையாகவே சொல்லி விலகினார்கள். அண்ணனுக்குப் போட்டியான இன்னொரு புரமோட்டர் கூப்பிட்டார். ஆதரவு தரப் போகிறார் என்று நம்பிப் போனேன். அவருக்கு வேண்டியது என் பாட்டல்ல. முகநூல் நேரலையில் உட்கார்ந்து அண்ணனைப் பற்றி நான் அழ வேண்டும். "அழுதா இன்னும் நல்லா ஓடும், தங்கச்சி" என்றார். அவருக்கும் நான் தங்கச்சிதான். எழுந்து வந்துவிட்டேன். இரண்டு பக்கமும் இல்லாதவளுக்கு ஜொகூர்ப் பக்கத்துக் கல்யாணங்களும் சிரம்பான் பிறந்தநாள்களும்தான் வழி என்று ஆனது. தொழிற்சாலை வேலையை விடாமல், விடுப்பு நாள்களில் போய் வந்தேன். ஆட்கள் மெல்ல என்னையே கேட்டு வர ஆரம்பித்தார்கள். இப்போது சொந்தமாக ஒலிப்பெட்டிகள் இருக்கின்றன. என் போஸ்டரில் என் நிறத்திலேயே இருக்கிறேன். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்திருக்க வேண்டிய நேரத்தில் வராமல், சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் அந்த நிரந்தர டிஜே அழைத்தார். அண்ணனுக்குப் பக்கவாதம், ஒரு கை விளங்கவில்லை என்றார். அவர் வளர்த்துவிட்ட கலைஞர்கள் எல்லாரும் வாழ்த்துச் சொல்லி ஒரு காணொலி தயாரிக்கிறார்களாம்.

"நீயும் ரெண்டு வார்த்தை பேசி அனுப்பு. பழசை எல்லாம் விடுலா. மனுசன் படுத்துட்டான்."

"வளர்த்துவிட்ட கலைஞர்ல நானுமா?"

"முதல்ல உனக்கு மேடை கொடுத்தது அவர்தானே?"

அது உண்மை. அந்த உண்மைதான் என்னை அதிகமாக எரிச்சல்படுத்துகிறது. நோயாளியைத் திட்டுவது எனக்கும் பிடிக்காது. யோசித்து, வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்து அனுப்பினேன். "அண்ணே, உடம்பைப் பார்த்துக்குங்க, சீக்கிரம் எழுந்து நடக்கணும். அன்னைக்கு மண்டபத்துல நான் குடிச்சிருந்ததாச் சொன்னீங்க. அது பொய்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களால பேச முடியும்போதே அதை ஒரு தடவை வெளியில சொல்லிடுங்க." குரலை உயர்த்தவில்லை. சிரிக்கவும் இல்லை.

காணொலி வெளிவந்தது. புல்லாங்குழல் இசைக்கு நடுவே வரிசையாக எல்லாரும் கும்பிட்டார்கள். என் முறை வந்தது. அண்ணே, உடம்பைப் பார்த்துக்குங்க, சீக்கிரம் எழுந்து நடக்கணும். அதோடு வெட்டிவிட்டார்கள். என் முகத்தின்மேல் ஓர் இதயம் மிதந்து போனது. கீழே நூற்றுக்கணக்கில் பாராட்டு. பெருந்தன்மை என்று சிலர் என்னைப் பற்றி எழுதியிருந்தார்கள். சாயந்தரம் வீட்டுக்குப் போனபோது அப்பா கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தார். "நல்லாப் பேசியிருக்கே" என்றார். அவர் குரலில் நிம்மதி. எத்தனையோ வருடமாக எங்களுக்கு நடுவில் பேசாமல் கிடந்தது தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

 என் கைத்தொலைபேசியில் இருந்த முழுப் பதிவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்தனை பேர் முன்னாலயா அப்படிச் சொன்னான் அவன்?" என்றார்.

எங்கள் வீட்டில் அதுவரை அண்ணனை அப்பா அவர், இவர் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"ஆமாம்ப்பா" என்றேன்.