இடம் காணாத ஒரு வசனம்

செய்தி வந்தபோது நான் யாரோ ஒருவருடைய கட்டுரையில் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். லண்டனில் இரசாயன ஆய்விதழ் ஒன்றின் அலுவலகத்தில் எனக்கு அதுதான் வேலை. யார் பெயர் முதலில், யார் பெயர் இரண்டாவது, எந்தப் பெயருக்கு மேல் நட்சத்திரம். கைத்தொலைபேசியில் மலர் அக்கா, சிவநேசன் அண்ணையின் மனைவி. வேலை நேரத்தில் ஒருநாளும் அழைப்பு எடுக்காதவர். "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். ஸ்ட்ரெதமிலை பஸ்சுக்கு நிண்டவராம், அப்பிடியே சரிஞ்சிட்டாராம்," என்றார். வாறன் அக்கா என்று சொல்லி வைத்துவிட்டு, மிச்சம் இருந்த இரண்டு பெயர்களையும் சரிபார்த்து முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தாங்கோ என்று அக்கா கேட்டார். "பெரிய விஞ்ஞானி எண்டு போடுங்கோ தம்பி. ஆரும் அப்பிடிச் சொல்லேல்லை." இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குச் சிவநேசன் அண்ணையைத் தெரியும். டூட்டிங் கடைத்தெருவில் கண்டிருப்பீர்கள், லூயிஷாம் கோயிலில் செருப்புகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நின்றதைக் கண்டிருப்பீர்கள். ஆனால் அவர் என்ன செய்தார் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மற்றப் பாதிப் பேர் பிழையாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். "கள்ளக் கட்டுரை எழுதிப் பிடிபட்டவரெல்லே" என்று ஒருவர் செத்த வீட்டிலேயே குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. நான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். அது எனக்குப் பழக்கம் என்பதை இதைப் படித்து முடிக்கும்போது அறிவீர்கள்.

நாங்கள் முதலில் சந்தித்தது டூட்டிங்கில், மட்டன் ரோல்ஸ் வாங்க நின்ற வரிசையில். என் கக்கத்தில் இருந்த ஆய்விதழைக் கண்டு, முன்பின் தெரியாத மனிதர், "ஐசே, அதை ஒருக்காத் தாரும் பாப்பம்," என்றார். வாங்கியவர் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினார். கட்டுரையை விட்டுவிட்டு, முடிவில் வரும் மேற்கோள் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். ஏன் என்று கேட்டேன். "ஆரை மறந்திருக்கிறாங்கள் எண்டுதான் முதல் பாக்கவேணும். கட்டுரை பிறகு," என்றார். ரோல்ஸ் ஆறிப்போயிற்று. அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணை, அவருக்கு நான் ஐசே.

ஊரில் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் செய்முறை வகுப்பு எடுத்தவர். இங்கே வந்து பெட்ரோல் ஷெட்டில் பல வருடம் நின்றபின், ஒரு கல்லூரியின் இரசாயனத் துறையில் டெக்னீசியன் வேலை கிடைத்தது. மாணவர்கள் அழுக்காக்கிய குடுவைகளைக் கழுவி அடுக்குவதே பெரும்பகுதி வேலை. "கழுவுறதும் கெமிஸ்ட்ரிதான் ஐசே," என்பார். சமாதானத்துக்குச் சொன்னதல்ல, நம்பித்தான் சொன்னார். குடுவைக்குள் கிடந்து சுழன்று கரைசலைக் கலக்குவதற்கு, வெள்ளைப் பூச்சுப் பூசிய சிறு காந்தத் துண்டு ஒன்று போடுவார்கள். ஒரு மருந்துக் குளிசை அளவுதான் இருக்கும். ஊரில் போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் அவர்களுடைய ஆய்வுகூடத்தில் அப்படி நாலே நாலு துண்டுகள்தான் இருந்தனவாம். ஒவ்வொரு மாலையும் எண்ணி, அலுமாரியில் பூட்டி வைப்பார்களாம். லண்டனில் மாணவர்கள் கறை பிடித்த காந்தங்களைக் குப்பையில் எறிவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பொறுக்கியெடுத்தார், அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினார், ஜாம் போத்தல் ஒன்றில் சேர்த்தார். தடைக்குள் இருந்து வந்த எங்களில் யார்தான் அதைச் செய்திருக்கமாட்டோம்? என் வீட்டு அலுமாரியில் இன்றைக்கும் காலி ஐஸ்கிரீம் டப்பாக்கள் இருக்கின்றன.

கோடை விடுமுறையில் ஆய்வுகூடம் வெறிச்சோடிக் கிடக்கும். துறைப் பேராசிரியர் ஒரு மூலையை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அங்கேதான் அது நடந்தது. இரண்டு காபன் வளையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தாக்கம் ஒன்று, வேதிவினை என்பார்களே, அது. மருந்து செய்கிறவர்களுக்கு மிகவும் வேண்டியது. அதற்குப் பலேடியம் என்ற அருமையான உலோகம் ஊக்கியாக இருந்தாக வேண்டும். அண்ணைக்கு அது பலேடியம் இல்லாமல், வெறும் தண்ணீரில் நடந்தது. ஒருமுறை அல்ல, ஏழெட்டுமுறை. பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னாராம். அந்தத் துறையில் ஒருவர் அவரை இருக்கச் சொன்னது அதுதான் முதல்தரம் என்று சொல்லிச் சிரித்தார்.

கட்டுரை எங்கள் இதழுக்கே வந்தது. எனக்குத் தெரிந்தவர் என்று சொல்லி, அதை வேறொருவர் கைக்கு மாற்றிவிட்டேன். மதிப்பீட்டாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அச்சில் அவர் பெயர் முதலில், பேராசிரியர் பெயர் இரண்டாவது. மலர் அக்கா முதற்பக்கத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, நண்டுக் கறி வைத்தார்கள். அண்ணை அன்று அதிகம் பேசவில்லை. அடிக்கொருதரம் கையைக் கழுவிவிட்டு வந்து, அந்த உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமான ஒரு மனிதரை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஆறுமாதத்துக்குள் கடிதங்கள் வரத் தொடங்கின. செய்து பார்த்தோம், வரவில்லை என்று ஒருவர். நாங்களும்தான் என்று இன்னொருவர். மூன்றாவது கடிதத்தில் மரியாதை குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளில் இந்த நாட்டில் இரசாயனத் துறைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார்கள். அவருடைய துறையும் மூடப்படப்போகிறது என்ற அறிவித்தல் அதே மாதத்தில் வந்தது. பேராசிரியர் வேறிடம் தேடத் தொடங்கிவிட்டார். அண்ணைக்கோ தன்னுடைய தாக்கம் ஏன் மற்றவர்களுக்கு வரவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் தலைக்குள் இல்லை. புதுக் குடுவை, புது உப்பு, புதுத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். வந்துகொண்டேயிருந்தது. கடைசியாக, கடையில் வாங்கிய பைக்கற்றை உடைத்துப் புதுக் காந்தத்தைப் போட்டார். வரவில்லை.

அன்று பின்னேரமே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "ஐசே, பிடிச்சிட்டன்!" அந்தக் குரலைக் கேட்டவர்கள் லொத்தர் விழுந்ததென்று நினைத்திருப்பார்கள். "காந்தம் ஐசே, காந்தம்! குப்பையிலையிருந்து எடுத்தது. முந்தி ஆரோ பலேடியத்தோடை பாவிச்சிருக்கிறாங்கள். அறுத்துப் பாத்தன். வெள்ளைப் பூச்சுக்குள்ளை கறுப்பாய் ஊறிக் கிடக்கு. எவ்வளவு கழுவினாலும் அது போகாது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கொஞ்சமே காணும், தாக்கம் நடக்க!" தன்னுடைய ஒரே கட்டுரையைத் தானே கொன்றுவிட்டோம் என்பது அவருக்கு அந்த நிமிடத்தில் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது.

"பேசாமல் இருங்கோ அண்ணை," என்றேன். "துறையை மூடப்போறாங்கள். இன்னும் ரெண்டு வருஷத்திலை இதை ஒருத்தரும் நினைச்சும் பாக்கமாட்டாங்கள்."

அண்ணை சொன்னார்: "எங்கையோ ஒரு பிள்ளை இதைச் செய்து பாத்து, வரேல்லையெண்டு தன்ரை கையைக் குற்றம் சொல்லிக்கொண்டு நிக்கும் ஐசே. அதுக்கு ஆர் சொல்லுறது?"

மறுவாரம் அவருடைய கடிதம் வந்தது. கையால் எழுதி, கையெழுத்திட்டு. கட்டுரையை மீளப்பெறுகிறோம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, என்ன நடந்தது என்று நீளமாக ஒரு வசனம், ஒரே வாக்கியமாக. பேராசிரியர் அந்த வசனத்தை ஏற்கவில்லை. தன் ஆய்வுகூடத்தில் குப்பையிலிருந்து பொறுக்கிய பொருளைப் பாவித்தார்கள் என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அது இல்லாவிட்டால்தான் தானும் கையெழுத்திடுவேன் என்றார். எங்கள் அலுவலகத்திலும் சுருக்கமே நல்லதென்று தீர்மானித்தார்கள். "முடிவுகளை மீண்டும் பெற முடியாததால் ஆசிரியர்கள் இக்கட்டுரையை மீளப்பெறுகிறார்கள்." இவ்வளவுதான். ஆட்கள் விடுமுறையில் போயிருந்த கிழமை. அறிவித்தலைத் தயாரிக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. கணினியில் ஏற்றியிருந்த அவருடைய வசனத்தை நிழலடித்து, அழிக்கும் பொத்தானை அமத்தியது என் விரல். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம். வேலை நிரந்தரமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சொல்லவில்லை, போடவில்லை.

வெளிவந்த அன்று அண்ணை எடுத்தார். "ஐசே, என்ரை வசனம் எங்கை?"

"இடம் காணாதாம் அண்ணை," என்றேன்.

இதழ் முழுவதும் இணையத்துக்குப் போன புதிது அது. இணையத்தில் இடம் போதாமல் போகாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "ஓ, அப்பிடியோ," என்றார். "சரி ஐசே. அவங்களுக்கும் கரைச்சல்தானே." அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்து என்னை ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

துறை மூடப்பட்டது. குடுவைகள் முற்றத்து இரும்புத் தொட்டியில் கொட்டப்பட்டதை அவர் நின்று பார்த்தார். வேறு ஆய்வுகூடங்களுக்கு விண்ணப்பம் போட்டார். ஓரிடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, பிறகு வரவேண்டாம் என்று சொன்னார்கள். அவர் பெயரை இணையத்தில் தட்டினால் அந்த ஒற்றைவரி அறிவித்தல்தான் வரும். காரணம் சொல்லாத அறிவித்தலைப் பார்த்தால் எவரும் களவைத்தான் நினைப்பார்கள். கடைசியில் ஸ்ட்ரெதமில் ஒரு கடையில் காசு வாங்கும் ரில்லுக்கு நின்றார். அங்கேயும் கத்தரிக்காய்களைக் கழுவித்தான் அடுக்குவார் என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

போன வருடம் வேறொரு நாட்டுக் குழு கட்டுரை ஒன்று வெளியிட்டது. கழுவிய காந்தங்களில் ஒட்டியிருக்கும் உலோகத் துணுக்குகளே சில தாக்கங்களை நடத்திவிடுகின்றன, எல்லோரும் கவனமாக இருங்கள் என்று. பெரிய பாராட்டு. அதை அச்செடுத்து, மறைப்பது துரோகம் என்று கடைக்குக் கொண்டுபோனேன். காட்டியது கொடுமை என்று இப்போது தோன்றுகிறது. அண்ணை கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். விரல் பட்டியலில் மேலிருந்து கீழே போனது. ஒருமுறைதான் போனது. பிறகு முதற்பக்கத்துக்கு வந்து முழுவதையும் நின்றபடியே வாசித்தார். வரிசையில் இரண்டு பேர் காத்து நின்றார்கள்.

"நல்ல வடிவாய்ச் செய்திருக்கிறாங்கள் ஐசே," என்று திருப்பித் தந்தார். "அவங்களிலை பிழையில்லை. அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர்களுக்குத் தெரியாமல் செய்தவன் நான், எதிரில் நின்றேன். அவர் அடுத்த ஆளின் பாலையும் பாணையும் ரில்லில் அடிக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் நின்று பேசியது அதுதான் கடைசி.

அவருடையதாக என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, எட்டாம் நாள் மலர் அக்கா தந்த சிறு போத்தல். அதற்குள் இரண்டாக அறுத்த காந்தம். மற்றது, அவருடைய கடிதம். அலுவலகத்தில் கிழித்து எறியச் சொன்னதை நான் எறியவில்லை. போன கிழமை, அந்த வசனத்தை இப்போதாவது சேர்க்க முடியுமா என்று மேலிடத்தில் கேட்டேன். அவர் உயிரோடு இருந்த காலமெல்லாம் கேட்காதவன், எரித்துவிட்டு வந்து கேட்டேன். அது முடிந்துபோன விஷயம் என்றார்கள். முடிந்துதான் போயிற்று.

ஆகவே இங்கே போடுகிறேன். இந்த மலர் போய்ச் சேரும் வீடுகளில் பலேடியத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் ஒருவரும் இல்லை. கவலைப்படுகிறவர்களுக்கு இந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். செத்த வீட்டில் குசுகுசுத்தவராவது படிக்கட்டும். மலர் அக்கா, நீங்கள் கேட்ட பெரிய விஞ்ஞானி இதற்குள்தான் இருக்கிறார். கடிதத்தில் உள்ளபடியே தமிழில் தருகிறேன்:

"ஊக்கி இல்லாமல் நடந்ததாக நாங்கள் எழுதிய தாக்கம், குப்பையிலிருந்து எடுத்து நான் கழுவிவைத்த காந்தத்தில் முன்பே ஊறியிருந்த பலேடியத்தால் நடந்தது, கழுவியவன் நான், பிழை என்னுடையது, இதைச் செய்துபார்த்து வராமற்போனவர்களின் கைகளில் ஒரு குற்றமும் இல்லை."

இவ்வளவுதான் அண்ணை. எண்ணிப் பார்த்தேன், நாலு வரி. இடம் இருந்தது.