இரண்டும் வலது கால் ஷூ

அச்சகத்தில் அவரைப் புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விழாமல் போனால், தாளைக் கையில் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். பிழை திருத்துவது அவர் வேலை. காகிதம் வெட்டும் இயந்திரத்துக்கும் பசை வாளிக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு சிவப்புப் பேனா. பேச்சுத்துணை இல்லை. அவருக்கு அதுதான் வசதி. பள்ளி நாளிலிருந்தே, நாலு பேர் சேர்ந்து நிற்கும் இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்கக் கூச்சம்.

ஒருநாள் முதலாளி ஒரு சிறுவர் நாவலின் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார்.

"சிரிப்புக் கதையாம். சிரிப்பு வருதான்னு பாத்துச் சொல்லுங்க."

வந்தது. பள்ளியில் எதிலும் ஒட்டாத ஒரு பெண்ணின் கதை. தெரியாமல் வேறு வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டு, எழுந்து வர வெட்கப்பட்டு, அந்த வகுப்புப் பரீட்சையையும் எழுதிவிட்டு வருகிறாள். புள்ளி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் பிழைகள் சில தப்பிப் பிழைத்தன.

ஐந்தாம் அத்தியாயத்தில் சிரிப்பு நின்றது. இசை வகுப்பு முடிந்து ஓடும் அவசரத்தில், வாசலில் கிடந்த குவியலில் அந்தப் பெண் காலை நுழைக்கிறாள். மாட்டியது இரண்டும் வலது கால் ஷூ. மணி அடிக்கும்வரை பெஞ்சுக்கு அடியில் கால்களை ஒளித்து வைத்துக்கொள்கிறாள்.

இது தனக்கு நடந்ததாயிற்றே! எழுதியவர் பெயரைக் கவனிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. எழுத்தை மட்டும்தான் பார்ப்பார். இப்போது பார்த்தார். ஆறாம் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவள். உயரத்துக்காகக் கொக்கு என்று கூப்பிடுவார்கள். காதெல்லாம் சூடேற, முதலாளியிடம் அவள் தொலைபேசி எண்ணை வாங்கி அழைத்தார்.

"நான்தான், ஆறாம் வகுப்புல உன் பக்கத்து பெஞ்ச். மூட்டைன்னு கூப்பிடுவீங்களே."

"அடியே, நீயா! எங்கடி இருக்க?"

"உன் கதையிலதான் இருக்கேன். என்னை வெச்சு எல்லாரையும் சிரிக்க வைக்கிறியா? இடதை வலதுன்னு மாத்திட்டா எனக்குத் தெரியாதா?"

"எந்த இடது?"

"என் ஷூ! அன்னிக்கு என் கால்ல இருந்தது ரெண்டும் இடது."

"அடிப்பாவி," என்றார் எழுத்தாளர். "என் கால்ல இருந்தது ரெண்டும் வலதுடி. கதை முழுக்க நான்தான்."

கைக்கெட்டும் தூரத்தில், ஆளுக்கொரு தவறான ஜோடியை ஒளித்துக்கொண்டு, ஒரு பிற்பகல் முழுக்க இருவரும் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"மறுநாள் நான் ஒண்ணை இசை அறை வாசல்ல போட்டுட்டு வந்தேன்," என்றார் புள்ளி அக்கா. "மத்தியானம் போய்ப் பாத்தா சரியான ஷூ இருந்துச்சு. தேவதை வந்துட்டுப் போச்சுன்னு நெனச்சேன்."

"நான்தான் மாத்தி வெச்சுட்டு ஓடிட்டேன்."

"யாரோடதுன்னு நின்னு பாக்கக் கூடாதா?"

"பாத்தா பேசணுமே!"

புள்ளி அக்கா சிரித்த சிரிப்பில், பசை கலக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தத்தை அவர் அங்கே கேட்டதே இல்லை.

எழுத்தாளர் நாவலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். திரும்பி வந்த கதையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இந்த முறை ஒரு பிழையும் தப்பவில்லை.

புத்தகம் வந்ததும் புள்ளி அக்காவின் மகள் ஒரே மூச்சில் படித்து முடித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, அந்த ரெண்டாவது பொண்ணு மட்டும் நம்புற மாதிரியே இல்ல. அவ்வளவு கூச்சமா யாராவது இருப்பாங்களா?"

"எழுதினவங்க ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்க," என்றார் புள்ளி அக்கா. "நீயே கேளு."