மொத்தேகி தேடிய அரை நொடி

"கண்ணைக் கட்டி உட்கார வைங்க. காதுல பஞ்சு அடைங்க. டர்போ பத்துல ஒரு பங்கு நொடி லேட்டா முழிச்சாலும் என் பின்பக்கம் சொல்லிடும். அதை ஏமாத்துறவன் ஜப்பான்ல இன்னும் பொறக்கல."

மொத்தேகி யசுஹிரோ இதைச் சொன்னது மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு காலை, எங்கள் கணவாய் உச்சியின் வண்டி நிறுத்துமிடத்தில். கையில் தானியங்கிப் பெட்டியில் வாங்கிய டப்பாக் காப்பி. சுற்றி நின்றவர்கள் எங்கள் கார் சங்கத்து ஆட்கள். அவரோடு சேர்த்துப் பதினொரு பேர், சின்ன இன்ஜின் கார்களுக்கு அரசு தரும் பதினொரு மஞ்சள் நம்பர் தகடுகள். எல்லாமே இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய குட்டி ஸ்போர்ட்ஸ் கார்கள். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் சங்கத்தில் பின்பக்கம் என்பது விளையாட்டு விஷயமல்ல.

அறுநூற்று அறுபது சிசி இன்ஜினுக்கு மலையேற மூச்சு போதாது. அதனால் வெளியேறும் புகையே டர்போ என்ற ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றி, உள்ளே காற்றைத் திணிக்கிறது. மிதியை அழுத்துவதற்கும், காற்றாடி வேகம் பிடித்து நம்மை முதுகில் தள்ளுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைச் சுருக்குவதற்காகவே நாங்கள் வாரம் முழுக்க உழைக்கிறோம். நுக்குயி என்பவர், மின்னேற்றம் இறங்கினால் வண்டி சுறுசுறுப்பாகும் என்று, பம்பரின் உட்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டினார். இன்னொருவர் ஆக்சிலரேட்டர் மிதிக்கும் காரின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு பெட்டியைச் செருகினார். எதைச் செய்தாலும் மொத்தேகி ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அதுவரை அது வெறும் தாள், வெறும் பெட்டி.

பிழைப்புக்கு அவர் கொன்யாக்கு ஆலையில் தரம் பார்ப்பவர். கிழங்கு மாவில் செய்த வழுவழுப்பான கட்டிகள் பெல்ட்டில் வரிசையாக வரும். கட்டைவிரலால் ஓர் அழுத்து. அமுங்கிய இடம் எழும்பி வரும் விதத்தைப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிப்பார். முப்பத்தோரு ஆண்டுகள். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவர், ஆலையை விட்டு வெளியே வந்ததும் அதே பணியைச் சம்பளமில்லாமல் தொடர்ந்தார். வானிலை அறிக்கையில் ஏதோ ஒளித்திருப்பதாக நினைப்பார். காப்பி டப்பா விழும் சத்தத்தை வைத்தே சூடு பத்தாது என்பார்.

அவர் காருக்குள் ஷூவோடு ஏறக் கூடாது. வீட்டு வாசலில் செய்வதுபோலக் கதவருகே ஷூவைக் கழற்றி, இருக்கைக்குப் பின்னாலுள்ள தட்டில் வைத்துவிட்டு, உள்செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். சங்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். தரைவிரிப்பில் மண் விழுவதைவிட மண்ணில் நாம் விழுவது மேல்.

போன நவம்பரில் அந்தக் கார் இரண்டு வருடத்துக்கொருமுறை வரும் அரசுப் பரிசோதனைக்காக செக்கிகுச்சியின் பட்டறைக்குப் போனது. எங்கள் பதினொரு கார்களுக்கும் வைத்தியர் அவர்தான். செவ்வாய்க்கிழமை வண்டி திரும்பி வந்தது, பளபளவென்று கழுவப்பட்டு. அன்று மாலை முதல் உறைபனி என்று செய்தி சொன்னதும், மொத்தேகியின் மனைவி சிஸுரு காரிலிருந்த பழைய துணிச்செருப்பை எடுத்துவிட்டு, கம்பளி வைத்த புது ஜோடி ஒன்றை வைத்தார்.

"ஏங்க, கால் சில்லுனு ஆகாது."

மொத்தேகி நன்றி சொன்னார்.

புதன்கிழமை காலை, ஆலைக்குப் போகும் மேட்டில், டர்போ தூங்கிவிட்டது. மிதியை அழுத்தினார், ஒன்றுமில்லை, அப்புறம்தான் தள்ளியது. பத்தில் ஒரு பங்கு அல்ல, முழுசாக அரை நொடி! வியாழனன்று இன்ஜின் அறையைப் படம் எடுத்து, பழைய படங்களோடு பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டார். வெள்ளியன்று ஒவ்வொரு போல்ட்டிலும் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டார். சனிக்கிழமை பட்டறை வாசலில் நின்றார்.

"முதலாளி, என் வண்டியில என்ன பண்ணீங்க?"

"ஆயில் மாத்தினேன், பிரேக் பார்த்தேன். பில்லுல எழுதியிருக்கே."

"பில்லுல எழுதாதது?"

"கழுவினேன்."

"அதான் கேக்கறேன். எதுக்குக் கழுவினீங்க?"

"அழுக்கா இருந்துச்சு, மொத்தேகி சான்."

"போன தடவையும்தான் அழுக்கா இருந்துச்சு. இந்தத் தடவை எதைக் கழுவி மறைச்சீங்க?"

செக்கிகுச்சி பட்டறைக் கம்ப்யூட்டரைக் காரோடு இணைத்தார். குறை ஏதுமில்லை என்று திரை காட்டியது.

"உங்க கம்ப்யூட்டர் உங்களைக் காட்டிக் கொடுக்குமா?" என்றார் மொத்தேகி.

"சரி, ஏறுங்க. நானே ஓட்டிக் காட்டறேன்."

செக்கிகுச்சி ஷூவைக் கழற்றினார். அடுத்தவர் செருப்பில் கால் நுழைப்பவர் அல்ல அவர். வெறும் காலுறையோடு அமர்ந்தார். பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. சுரங்கப்பாதைக்கு முந்தைய ஏற்றத்தில் மிதித்தார். பக்கத்து இருக்கையில் மொத்தேகியின் தலை பின்னால் போய் மோதியது.

"எப்படி?"

மொத்தேகி பின்னந்தலையைத் தடவிக்கொண்டார்.

"உங்களுக்கு ஓடுது. எனக்கு ஓடல. அப்போ உங்க காலை மட்டும் அடையாளம் தெரிஞ்சுக்கற மாதிரி உள்ள என்னமோ எழுதி வெச்சிருக்கீங்க."

"அப்படி எழுதத் தெரிஞ்சா இந்த ஊர்ல டயர் மாத்திட்டு இருப்பேனா?"

"ஒளிஞ்சிருக்க இதைவிட நல்ல இடம் ஏது?"

செக்கிகுச்சி வண்டியை ஓரங்கட்டினார். குரல் இறங்கிவிட்டது.

"நாளைக்கு மலை மேல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறீங்களா?"

"சொல்லாம எப்படி?"

"நீங்க சொன்னா பதினொரு வண்டியும் வேற இடம் போயிடும். நான் பட்டறையை மூடிட்டு ஒகாயாமாவுல மக வீட்டுல போய் ஒண்டிக்க வேண்டியதுதான்."

"அதையும் முன்கூட்டியே யோசிச்சு வெச்சிருக்கீங்க பாத்தீங்களா," என்றார் மொத்தேகி.

ஞாயிறு காலை புல்லெல்லாம் வெள்ளைப் பனி. பத்துக் கார்கள் வந்துவிட்டன. சேதி எப்படியோ பரவியிருந்தது. எவரும் அலுமினியத் தாளைப் பற்றிப் பேசவில்லை. செக்கிகுச்சி தன் குட்டி டிரக்கில் வந்து, தானியங்கிப் பெட்டிக்கு அருகே தனியாக நின்றார். வாங்கிய காப்பியைத் திறக்கக்கூட இல்லை.

கடைசியாக மொத்தேகி வந்தார். என் காருக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். கதவைத் திறந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு, ஷூ மாட்டுவதற்காக வலது செருப்பைக் கழற்றினார். கையிலிருந்த செருப்பின் அடிப்பாகத்தைக் கட்டைவிரல், அவர் சொல்லாமலே, ஓர் அழுத்து அழுத்தியது.

விரல் நகம் வரை உள்ளே போனது. எடுத்தார். பள்ளம் எழும்பி வர அவசரம் காட்டவில்லை.

மறுபடி அழுத்தினார். பள்ளம் எழும்பும் நேரத்தை உதடுகள் எண்ணின: அரை நொடி. திரும்பி, ஆக்சிலரேட்டர் மிதியைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். ஆலை பெல்ட்டில் வந்திருந்தால் அதை முதல் அழுத்திலேயே ஒதுக்கியிருப்பார்.

"சொல்லுங்க மொத்தேகி சான்," என்று நுக்குயி கத்தினார். "டர்போவையே மாத்திட்டாராமே?"

மொத்தேகி ஷூவைப் போட்டுக்கொண்டு, பனிமேல் சரக் சரக் என்று நடந்து செக்கிகுச்சியிடம் போனார். நேரே நின்று, இடுப்புவரை குனிந்தார். எழ நேரமாயிற்று.

"வண்டி நல்லா இருக்கு, முதலாளி."

"அப்போ அந்த அரை நொடி?"

"நான் சரியா உட்காரல."

செக்கிகுச்சி அவரை மேலும் கீழும் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு காப்பி டப்பாவைத் திறந்தார்.

நுக்குயிக்கு இது போதவில்லை. "அது போகட்டும். ஸ்டியரிங்குக்கு அடியில புதுசாத் தாள் ஒட்டியிருக்கேன். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொல்லுங்க, ரெஸ்பான்ஸ் ஏறியிருக்கான்னு."

"என்னைக் கேக்காதீங்க," என்றார் மொத்தேகி. "முதலாளிகிட்ட கம்ப்யூட்டர் இருக்கு. அதுல போட்டுப் பாருங்க."

காருக்குத் திரும்பினார். ஷூவைக் கழற்றித் தட்டில் வைத்தார். கம்பளிச் செருப்பு இரண்டையும் அதன்மேல் குப்புறக் கவிழ்த்துவிட்டு, காலுறையோடு கதவைச் சாத்திக்கொண்டார்.