விஜயராணி கடைந்த தட்டு

தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில் ஜெயினுலாப்தீனின் காரகானா, சின்ன இரும்புப் பட்டறை, இருக்கிறது. இரண்டு கடைசல் லேத், ஒரு மில்லிங் மிஷின், ஒரு டிரில், அவ்வளவுதான். ஜன்னலோரத்து லேத் விஜயராணியுடையது என்று அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர் ஜெயினுலாப்தீன்தான். ஆனால் அவரே அதில் கை வைப்பதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பார்.

பத்தொன்பது வயதில், கடைந்து வந்த சாமான்களின் பிசிறை அரத்தால் ராவும் வேலைக்கு வந்தவள். அப்போது லேத் ஓட்டிய டர்னர் பாதி ஆர்டரில் சவூதி விசா வந்துவிட்டது என்று கிளம்பிப் போனான். மாற்று ஆள் தேடி வடாலா வரைக்கும் அலைந்துவிட்டு ஜெயினுலாப்தீன் திரும்பியபோது, மீதியிருந்த நாற்பது புஷ் வளையங்களையும் அவள் கடைந்து துடைத்து அடுக்கி வைத்திருந்தாள். அவர் ஒன்றை எடுத்து வெர்னியரில் அளந்தார். இன்னொன்றை அளந்தார். வெர்னியரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருடம் ஓடிவிட்டது. இடையில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. லேத் ஓட்டுகிற பெண் என்று தெரிந்ததும் நின்றுபோனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. அண்ணன் இசக்கிதுரையின் குடும்பத்தோடு பக்கத்துச் சால் ஒன்றில், வரிசை வீட்டில், இருக்கிறாள்.

போன வருடம் மழைக்காலத்தில் ஷ்யாமளா என்ற அம்மாள் காரகானாவுக்கு வந்தார். மாட்டுங்காக்காரர், அறுபது வயதிருக்கும். ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளர். டாக்ஸியிலிருந்து அவர் இறக்கிய பெட்டிக்குள் கைப்பிடி வைத்த கனமான பிரஸ் ஒன்று இருந்தது. அதன் நடுவில் ஐந்து பள்ளம் வெட்டிய வட்டத் தட்டு. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை அந்தப் பள்ளங்களில் நிறுத்திக் கைப்பிடியை இழுத்தால் தட்டு ஒரு படி நகரும். ஓரிடத்தில் மருந்தைப் பற்றவைக்கும் பழைய பொட்டு வெளியேறும், அடுத்ததில் புதியது ஏறும், அதற்கடுத்து வெடிமருந்து, பிறகு குண்டு, கடைசியில் வாய் இறுகும். ஓர் இழுப்புக்கு ஒரு தோட்டா. பயிற்சிக்கு மட்டும் கிளப் அதைச் செய்துகொள்ள அனுமதி வாங்கியிருந்தது.

"இது முப்பத்தெட்டு நம்பர் தோட்டாவுக்குப் பண்ணினது. எங்க பசங்க சுடறது முப்பத்திரண்டு. கூடு சின்னது. இந்தத் தட்டுல நிக்க மாட்டேங்கறது, பாருங்கோ" என்றார் ஷ்யாமளா.

ஜெயினுலாப்தீன் மிஷினைத் தொடவில்லை. முதலில் காகிதம் கேட்டார். லைசென்ஸ் நகல், கிளப்பின் கடிதம், போலீஸ் ஸ்டேஷன் முத்திரை எல்லாம் வந்து சேரப் பத்து நாள் ஆனது. அதுவரை பெட்டி திறக்கப்படவில்லை. பிறகும் வெறும் கூடுகள்தான் வந்தன, இருநூறு, எண்ணி. மருந்தோ குண்டோ காரகானா வாசலை மிதிக்கக் கூடாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கூட்டின் அடி விளிம்பைத்தான் தட்டு பிடித்துக்கொள்கிறது என்பது விஜயராணிக்குப் பார்த்ததுமே புரிந்தது. ஒரு கூட்டை அளந்து அதற்கேற்ற பள்ளங்களோடு முதல் தட்டை நான்கு நாளில் செய்தாள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கைப்பிடியை இழுத்தபோது பத்துக்கு மூன்று கூடு மூன்றாவது இடத்தில் சாய்ந்து நின்றது. ஒன்று சிக்கி வாய் நசுங்கியது. உள்ளே மருந்து இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் கைப்பிடியை விட்டுவிட்டுத் தட்டைக் கழற்றினாள்.

இருநூறு கூடுகளையும் மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாக மைக்ரோமீட்டரில் அளந்தாள். ஒரு கம்பெனியின் விளிம்பு தடித்திருந்தது, இன்னொன்றினுடையது மெலிந்திருந்தது. வித்தியாசம் ஒரு தாள் கனம்கூட இல்லை. தடித்ததற்குப் பள்ளம் வெட்டினால் மெலிந்தது ஆடுகிறது. மெலிந்ததற்கு வெட்டினால் தடித்தது நுழைய மறுக்கிறது.

அவள் அளந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இசக்கிதுரை மதியச் சாப்பாட்டு டப்பாவோடு வந்தான். செம்பூரில் ஒரு கட்டடத்தில் லிப்ட் ஆபரேட்டர். வேலைக்குப் போகிற வழியில் தங்கைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவான். தொண்ணூற்று மூன்று ஜனவரியில், பம்பாய் முழுக்கக் கலவரமாக இருந்தபோது, பால் வாங்கப் போனவனின் தொடையில் ஒரு குண்டு பாய்ந்தது. அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. யார் சுட்டது என்பது இன்றுவரை தெரியாது. சயான் ஆஸ்பத்திரியில் எடுத்த குண்டை ஒரு கவரில் போட்டு யாரோ கொண்டுபோனார்கள். அவன் கண்ணில் யாரும் காட்டவில்லை. அன்றிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடக்கிறான்.

விஜயராணி இந்த வேலையை அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தள்ளிப்போட்டிருந்தாள். கூடுகளைத் துணியால் மூடப் போனாள், அதற்குள் அவன் பார்த்துவிட்டான். ஒன்றை எடுத்துச் சுண்டுவிரல் நுனியை அதன் வாயில் வைத்துப் பார்த்தான். விரல் நுழையவில்லை.

"இவ்ளோதானாட்டி?" என்றான். "பெருவிரல் தண்டி இருக்கும்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன், இத்தன வருசமா."

வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். இதை யார் சுடுவார்கள், எங்கே வைத்துச் சுடுவார்கள், கணக்கு யாரிடம் இருக்கும் என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். காலேஜ் பிள்ளைகள், காகித இலக்கு, பூட்டிய அறை, பதிவேடு என்று தெரிந்ததைச் சொன்னாள். அவன் கூட்டை இருந்த இடத்திலேயே வைத்தான்.

"முடிச்சுக் குடு. அரைகுறையாப் போயி அந்தப் பிள்ளைக கையில வெடிச்சிரக் கூடாது. ஆனா அதோட அளவு இங்க தங்க வேண்டாம்."

அவன் போன பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

இரண்டு நாள் யோசித்ததில் வழி பிடிபட்டது. தடித்த விளிம்புக்கே பள்ளத்தை வெட்டுவது, ஆடுகிற கூட்டை வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்க ஏதாவது செய்வது. பழைய ஆயில் சீல் ஒன்றைப் பிரித்து அதற்குள்ளிருந்த மெல்லிய வளைய ஸ்பிரிங்கை எடுத்தாள். தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு காடி எடுத்து அதில் மாட்டினாள். ஸ்பிரிங் எல்லாக் கூட்டையும் உள்நோக்கி மெதுவாக அழுத்தியது. தடித்ததும் நின்றது, மெலிந்ததும் நின்றது. இருநூறையும் மூன்று முறை ஓட்டினாள். ஒன்றுகூடச் சாயவில்லை.

தட்டை மாட்டிக் காட்ட அவளே கிளப்புக்குப் போனாள். ஷ்யாமளா தானே உட்கார்ந்து முதலில் வெறும் கூடுகளை ஓட்டிப் பார்த்தார், பிறகு முறைப்படி இருபது தோட்டா செய்தார். ஒரு பெண் கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொண்டு சுட்டாள். விஜயராணிக்கும் காதடைப்பு கொடுத்திருந்தார்கள். இருந்தும் முதல் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பதினோரு வயதில், கலவரத்தின்போது, கதவிடுக்கு வழியாகக் கேட்ட அதே சத்தம். இருபதும் முடியும்வரை அவள் வெளியே போகவில்லை. இலக்குத் தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லா ஓட்டைகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தன.

கிளம்பும்முன் பையிலிருந்து கெட்டுப்போன முதல் தட்டையும், அளவு குறித்த தாளையும் எடுத்து ஷ்யாமளாவிடம் கொடுத்தாள்.

"இது எனக்கெதுக்கு? நீங்களே வெச்சுக்கோங்கோ, நாளைக்கு இன்னொண்ணு வேணும்னா?"

"வேணும்னா இதக் கொண்டுட்டு வாங்கம்மா. செஞ்சு தாரேன்."

ஜெயினுலாப்தீனுக்கு இது பிடிக்கவில்லை. காரகானாவில் செய்த எதற்கும் வரைபடம் வைத்திருப்பது அவர் வழக்கம். தன்னைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்று இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் சொன்னதை அவள் அவரிடம் சொன்னாள்.

தீபாவளிக்கு முன்னால் ஒருவன் பைக்கில் வந்தான். நன்றாக உடுத்தியிருந்தான். கைப்பிடி பிரஸ்ஸுக்குத் தட்டு செய்கிறீர்களாமே, எனக்கு இன்னும் பெரிய கூட்டுக்கு வேண்டும் என்று இந்தியில் கேட்டான். காகிதம் இருக்கிறதா என்று ஜெயினுலாப்தீன் கேட்டார். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், பழைய அளவைக் காட்டுங்கள் போதும் என்றான். லேத் ஓடிக்கொண்டிருந்தது. விஜயராணி திரும்பவில்லை, கை மட்டும் நின்றுவிட்டது.

அளவு எதுவும் இங்கே இல்லை, வேண்டுமானால் தேடிப் பார்த்துக்கொள் என்று ஜெயினுலாப்தீன் அலமாரியைத் திறந்தே காட்டினார். அவன் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். பைக் சந்து முனை திரும்புகிறவரை ஜெயினுலாப்தீன் வாசலிலேயே இருந்தார். உள்ளே வந்து, "நல்லவேள புள்ள, பொய் சொல்ல வேண்டியதில்லாமப் போச்சு" என்றார்.

வடாலா சோடா கம்பெனி ஒன்றுக்காகச் செய்துகொண்டிருந்த மூடி அச்சு பாதியில் நின்றிருந்தது. அவள் அதை மறுபடி கடையத் தொடங்கினாள்.