அஞ்சாவது பத்து

அன்றைக்கு ஜெபத்துக்கு நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். தம்பி மனைவி இருந்தாள். தம்பியின் ஆறு வயசு மகள் என் பக்கத்தில் இருந்தாள். தம்பி மட்டும் இல்லை. அவன் விமானம் ஓட்டுகிறான். கொச்சியில் ஏறினால் நாலு ராத்திரி வேறு வேறு ஊரில் தங்கிவிட்டுத்தான் மலையேறி வண்டன்மேட்டு வீட்டுக்கு வருவான்.

சாயங்கால ஜெபமாலையின் ஐம்பது அருள்நிறை மந்திரத்தை நாங்கள் பத்துப் பத்தாக ஆளுக்கொரு பங்கு சொல்லுவோம். அஞ்சாவது பத்து தம்பிக்கு. தங்குகிற ஊரிலிருந்து போனில் சொல்லுவான். இந்தத் தடவை நாலு நாளும் அந்த நேரத்துக்கு வானத்தில் இருந்தான்.

"நான் சொல்லட்டுமா?" என்று முதல் நாளே பிள்ளையிடம் கேட்டேன்.

"அது அப்பாவோடது. நீங்க தொடாதீங்க பெரியப்பா."

நாலு நாளும் அதைச் சொல்லாமலே எழுந்தோம்.

அஞ்சாம் நாள் மத்தியானம் தம்பி கண் சிவந்து வந்தான். ஷூவைக் கழற்றுமுன்னே மகள் ஜெபமாலையை நீட்டினாள்.

"உங்க பத்தெல்லாம் அப்படியே இருக்குப்பா."

"தூங்கி எந்திரிச்சுச் சொல்றேன் கண்ணு."

"தூங்கி எந்திரிச்சா கிளம்பிருவீங்க."

"கேப்டன் சாரே, மாட்டுனீங்களா?" என்று என் மனைவி சிரித்தாள்.

அவன் முட்டி போட்டான். பிள்ளை ஒட்டி உட்கார்ந்து எண்ணினாள். நடுவில் அவன் தலை சாய்ந்தது. தாடையைப் பிடித்து நிமிர்த்திவிட்டாள். ஒன்றுகூட விடாமல் சொல்லி முடித்தான்.

நாற்பது.