மொட்டைப் பேச்சும் எலுமிச்சைத் தொட்டியும்

தெருவில் அவளுக்குக் கத்திரியக்கா என்று பெயர். தொழில் தையல், நாக்கும் கொஞ்சம் கத்திரிதான். துணி வெட்டும் கத்திரியை வேறு எதற்கும் யாரும் தொடக்கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். சின்ன வயதில் தங்கை அதை எடுத்துக் காகிதம் வெட்டியதற்கு முதுகில் ஒன்று வைத்தாள். அந்தத் தங்கை இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாடி அறையில் தனிச் சமையலோடு இருக்கிறாள்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று சொல்ல முடியாது. பேசுவார்கள், ஆனால் மொட்டையாக. "தண்ணி வருது." "கேட் தொறந்து கெடக்கு." ஊரே அக்கா என்கிறது, கூடப் பிறந்தவள் வாயில் மட்டும் அந்தச் சொல் வராது. எல்லாம் அம்மா இறந்துபோன காலையிலிருந்துதான். இரவு வேலை முடித்து வந்த தங்கை மாடியில் அசந்து தூங்கினாள். கீழே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பாவம், இப்போதுதான் படுத்தாள், கொஞ்சம் தூங்கட்டும் என்று கத்திரியக்கா நினைத்தாள். அந்தக் கொஞ்சத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. "என்னை எழுப்பியிருக்கலாம்ல" என்று மட்டும் தங்கை கேட்டாள். அதோடு 'அக்கா' என்பதும் நின்றுபோனது.

அம்மா விட்டுப்போனது வாசலில் ஓர் எலுமிச்சைத் தொட்டி. கொஞ்ச நாளாகவே அதில் இலை பழுத்துக் கொட்டியது. இதுவும் போய்விட்டால் அம்மா என்று தொட்டுப் பார்க்க வீட்டில் என்ன இருக்கிறது? கத்திரியக்கா செடி விற்கும் நர்சரிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் மண்ணுக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார்.

"தெனமும் எவ்வளவு ஊத்துறீங்க, அக்கா?"

"காலையில ஒரு சொம்பு."

"ஒரு சொம்புல இப்படிச் சேறாகாதே. வேற யாரு ஊத்துறா?"

வேலைக்குக் கிளம்பி மாடிப்படியில் இறங்கிய தங்கை நின்றாள். "நான்தான். சாயந்தரம் அரை வாளி" என்றாள், சுவரைப் பார்த்து. "யாரும் ஊத்துற மாதிரி தெரியலை."

'ஊத்திட்டேன்' என்று ஒரு வார்த்தை போதும். அதற்கே வழியில்லாத வீட்டில் செடி மட்டும் எப்படிப் பிழைக்கும்?

"நல்லாக் கவனிச்சீங்க போங்க" என்றார் நர்சரிக்காரர். "வேர் அழுகுது. வெளிய எடுத்து, அழுகினதை வெட்டிட்டு, புது மண்ணுல வைங்க. ரெண்டு பேரு வேணும். தனியா இழுத்தா முறிஞ்சிடும்."

தங்கையின் விடுப்பு நாளில் சாக்கை விரித்துத் தொட்டியைச் சாய்த்தார்கள். கத்திரியக்கா பக்கவாட்டில் தட்டத் தட்ட, தங்கை அடிமரத்தைப் பிடித்துப் பதமாக இழுத்தாள். முள் இருவர் கையையும் கீறியது. மண் புளித்த வாடையோடு வெளியே வந்தது. ஓரத்து வேரெல்லாம் கறுத்துக் கொழகொழத்திருந்தது. நடுவில் கொஞ்சம் வெள்ளை வேர் மிச்சம்.

"கத்தி எடுத்துட்டு வரவா" என்றாள் தங்கை.

கத்திரியக்கா உள்ளே போய்த் துணிக் கத்திரியைக் கொண்டுவந்து நீட்டினாள். தங்கை வாங்கவில்லை.

"இதுலயா?"

"கத்தி நசுக்கும். இதுலயே வெட்டு. வெள்ளையைத் தொட்டுடாத."

தங்கை வெட்டினாள். கத்திரியில் சேறு அப்பியது. கத்திரியக்கா அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அடித் துளையில் ஓட்டுச் சில்லு வைத்து, மணல் கலந்த புது மண் போட்டு, அடிமரம் புதையாமல் நட்டார்கள்.

"இனிமே நான் மட்டும் ஊத்துறேன். விரல் விட்டுப் பாத்து, காஞ்சிருந்தாத்தான்" என்றாள் கத்திரியக்கா. கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கு நீ தூங்கட்டும்னுதான் நெனச்சேன். தப்புதான்" என்றாள்.

தங்கை எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

அதன் பிறகு மிச்ச இலையும் கொட்டி, மரம் குச்சியாக நின்றது. கத்திரியக்கா தினமும் விரலை விட்டுப் பார்த்தாள், பெரும்பாலும் ஊற்றாமலே திரும்பினாள். ஒரு நாள் காலையில் முள்ளின் அடியில் பச்சையாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது.

தங்கை அப்போதுதான் இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தாள். கத்திரியக்கா பாதிப் படியில் நின்றாள். பாவம், கொஞ்சம் தூங்கட்டும் என்றது மனசு. அந்தக் 'கொஞ்சம்' அவளைச் சுட்டது. விறுவிறுவென்று ஏறிப்போய் இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள்.

தங்கை அலங்கோலமாக வந்து கதவைத் திறந்தாள். "என்ன ஆச்சு?"

"துளிர் விட்டிருக்கு. வந்து பாரு."

தங்கை கலைந்த முடியை அள்ளி முடிந்தாள்.

"இதுக்குப் போயா எழுப்புன, அக்கா?" என்று கேட்டுக்கொண்டே, செருப்புகூடப் போடாமல் படி இறங்கினாள்.